வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு கட்டில்

அவர்கள் இரண்டு பேரும் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது ஒரு புதன்கிழமை, பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம். ஆனி மாத மழை. பெண்கள் எல்லாரும் நிறுவை மடுவத்தில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி முடித்து வந்திருந்த நான் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். கீழே குறுக்குப் பாதையில் ஒரு பெண் ஒரு ஆளின் கையைத் தன் கழுத்தில் போட்டு இழுத்துக்கொண்டு ஏறி வந்தாள். நாலு படிக்கு ஒரு தரம் நின்றாள். அவன் குனிந்து இருமினான். பிறகு ஏறினார்கள்.

"நாகலெட்சுமி காம்பரா இதுதானேண்ணே?"

"கோடிக் காம்பரா. நீ யாரும்மா?"

"கூடப்பொறந்த தங்கச்சிண்ணே. வேலாயி. இது எங்க வீட்டுக்காரரு."

அந்த ஆள் சுவரில் முதுகை வைத்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னம் உள்ளே போயிருந்தது. உள்ளங்கையில் இருந்ததை மழையில் நீட்டிக் கழுவிவிட்டு என் கையைப் பார்த்தான்.

"கத்திய அப்பிடி நெட்டுக்குத்தாத் தீட்டாதீங்கண்ணே. வெட்டு வாயி கிழியும். செடி அழுவும்."

அப்படித்தான் அழகுமுத்து எனக்குப் பழக்கமானான்.

லிந்துலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரனாக இருந்தவன். நல்ல வேலைக்காரன் என்று நானே கேள்விப்பட்டிருக்கிறேன். இருமல் வந்தது, பிறகு இரத்தம் வந்தது, ஆறு மாதம் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக முடியவில்லை. பேரை வெட்டி, வேலையிலிருந்து நீக்கின பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். தோட்டத்து வழக்கம் அது. வேலாயிக்குப் பேர் இருந்ததே என்று கேட்டால், புருசன் பேரில்தான் காம்பரா, ஆளைக் கூட்டிக்கொண்டு நீயும் போ என்றார்களாம். பிள்ளைகள் இல்லை. சட்டி பானையை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு வந்து, பசாரில் மக்பூல் நானாவின் சில்லறைக்கடை வாசலில் நாலு மாதம் படுத்திருக்கிறார்கள். கடை மூடின பிறகு படுக்கலாம், திறக்கிறதுக்கு முன்னால் எழும்பிவிட வேண்டும். பகலெல்லாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். வேலாயி கடைக்கு அரிசி புடைத்துக் கொடுப்பாள், வாசல் கூட்டுவாள்.

யாரோ ஒரு மந்திரி ரயிலில் வருகிறார் என்று பசாரில் படுத்திருந்தவர்களை எல்லாம் பொலிஸ்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். போக ஓரிடமும் இல்லாமல்தான் அக்காளைத் தேடி ஏறி வந்தது.

மடுவத்திலிருந்து வந்த நாகலெட்சுமி கூடையை இறக்கவில்லை. தலையில் தொங்கவிட்டபடியே வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள்.

"சொல்லி அனுப்பக்கூடாதாடி?"

"யாருகிட்டக்கா சொல்லி அனுப்புவேன்?"

"மதினி, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான் அழகுமுத்து. "இவதான் கேக்கல."

"நீங்க பேசாதீங்க தம்பி. பேசினா இருமல் வருது." கூடையை இறக்கிவைத்தாள். "ஏய் வேலாயி, ரொட்டி சுடு. மாவு டப்பாவுல இருக்கு. புள்ளைங்க தண்ணி எடுத்துட்டு வந்துருங்க."

அவளுடைய நிலைமை எங்களுக்கெல்லாம் தெரியும். புருசன் செத்து இரண்டு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். பெரட்டில் அவள் ஒருத்தி பேர்தான் இருந்தது. ஒற்றைப் பேருக்கு எதற்கு முழுக் காம்பரா, புதுசாகக் கல்யாணம் கட்டினவர்கள் இடமில்லாமல் நிற்கிறார்கள் என்று கங்காணி மாதத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். பேரில்லாத ஆளைக் காம்பராவில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

அன்றைக்கே லயம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. அது எங்கள் பழக்கம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டு நாலு வருடமாகியும் பதில் வராத காலம். பதில் வராதவனெல்லாம் பொலிசுக்குக் கள்ளத்தோணி, களவாக வந்த ஆள்தான். அதனால் ஒவ்வொரு காம்பராவிலும் பின்பக்கத் தகரத்தில் இரண்டு ஆணியைக் கழற்றி வைத்திருப்போம். கையில் புத்தகத்தோடு யாராவது ஏறி வந்தால் பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் வாளியைத் தட்டுவார்கள். பேரில்லாத ஆட்கள் தகரத்தை நீக்கித் தேயிலைக்குள் போய்விடுவார்கள். வந்தவர் கேட்டால், யாரும் இல்லீங்க. இவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும்.

முந்தின வருடம் ஒரு தரம் ஏமாந்தோம். அம்மை குத்த வந்திருக்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். குத்தவும் செய்தார்கள். ஆளாளுக்குப் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எட்டாம் நாள் பொலிஸ் வந்து எங்கள் லயத்துச் சன்னாசி என்கிறவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அம்மை குத்தினவர்கள் சொன்னார்களா, வேறு யாரும் சொன்னார்களா, தெரியாது. அதற்குப் பிறகு மருந்துப் பெட்டியைக் கண்டாலும் வாளி தட்டினோம்.

அழகுமுத்து பகலில் உள்ளே கிடப்பான். மிஸ்டு வந்து பனிமூட்டமாக இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம் தெரியாமல் மூடினால் இஸ்தோப்புக்கு வந்து என்னோடு உட்காருவான்.

"இங்க நான் இல்லாத ஆளுண்ணே. இல்லாத ஆளு இருமக்கூடாது. அதான் கஷ்டமா இருக்கு."

"துணிய வாயில வச்சுக்க."

"வச்சுத்தான் இருக்கேன். துணிக்குத் தெரியுதா நான் இல்லாத ஆளுன்னு?"

சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பேருள்ள ஆளுக்குத்தான் மருந்து. நாகலெட்சுமி தனக்கு இருமல் என்று சொல்லிப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். கையில் வெட்டுப்பட்டு மருந்து கட்ட நானும் அன்றைக்கு வரிசையில் நின்றேன்.

"எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார் டிஸ்பென்சர் ஐயா.

"பத்து நாளா சாமி."

"இருமு பார்ப்போம்."

நாகலெட்சுமி இருமினாள். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஆடு கனைக்கிற மாதிரி இருக்கே" என்றாள் ஒருத்தி. ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போத்தலில் மருந்தை ஊற்றினார்.

"ரெத்தம் வருதா?"

"ஆமாங்க, காலையில நெறைய" என்றாள், யோசிக்காமல்.

ஊற்றின கை நின்றது. "உனக்கா?"

"இல்லீங்க. எனக்கு எங்கங்க ரெத்தம். பல்லு வெளக்கயில கொஞ்சம் வந்துச்சுங்க. அதச் சொன்னேன்."

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். "இன்னொரு தரம் இருமல்னு வந்தா பெரியாஸ்பத்திரிக்கு எழுதுவேன். நெஞ்சுல இருக்குன்னு அங்க சொல்லிட்டா தொரை உன்னைய வேலைக்கு வச்சிருக்கமாட்டாரு. பாத்துக்க."

திரும்பி வரும்போது போத்தலை மடியில் மறைத்துக்கொண்டாள். பீலிக்குப் பக்கத்தில் வந்ததும், "இனிமே கொத்தமல்லித் தண்ணிதாண்ணே" என்றாள்.

வேலாயிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மக்பூல் நானா ஒரு ஆஸ்பத்திரி ஐயாவிடம் சொல்லியிருப்பதாகவும், அவர் இரண்டு தரம் கடைக்கு வந்தும் பகல் நேரமானதால் ஆளைக் காணாமல் போனதாகவும் சொன்னாள். ஆள் இருக்கிற இடத்திலேயே வந்து கண்ணால் பார்த்தால்தான் அவர் எழுதுவாராம். "அக்கா லயத்துக்குப் போறோம்னு நானாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

"ஏண்டி சொன்ன?" என்று நாகலெட்சுமி சத்தம் போட்டாள். "இங்க யாரும் வரக்கூடாதுடி. வந்தா என் காம்பரா போச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. பெண்கள் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்களும் கவ்வாத்துக்கு நடுவில் சாப்பிட அப்போதுதான் ஏறி வந்தோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பீலியில் நின்ற என் பெண்சாதி அங்கம்மா வாளியைத் தட்டினாள்.

முன்னால் தோட்டத்துக் காவக்காரன். அவனுக்குப் பின்னால் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு ஐயா. கக்கத்தில் தோல் பை, அதில் தடித்த புத்தகம்.

நானும் பக்கத்துக் காம்பரா கணேசமூர்த்தியும் நாகலெட்சுமி வீட்டுக்குள் ஓடினோம். கணேசமூர்த்தி தகரத்தை விலக்கினான். அழகுமுத்துவைத் தலைமாட்டில் நானும் கால்மாட்டில் அவனுமாகத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினோம். இரண்டாவது செடி நிரையில் மழைத் தண்ணீர் வடிகிற கான் ஓடியது. கால் முட்டு அளவுக்கு ஆழம், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதற்குள் அவனைக் கிடத்தி உரச்சாக்கைப் போட்டு மூடினோம்.

"யாரு வெட்டுன கானுண்ணே இது? கோணலா ஓடுது" என்றான் அழகுமுத்து. பல் அடித்துக்கொண்டது.

"வாய மூடுய்யா" என்று கணேசமூர்த்தி அவன் வாயில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினான். நான் சுற்றிவந்து ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி வாசலில் நின்றேன்.

"இஞ்ச அழகுமுத்து எண்டு ஒராள், நெஞ்சு வருத்தக்காரர், பெண்சாதியோட வந்து இருக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அந்த ஐயா. யாழ்ப்பாணத்துப் பேச்சு. மழையில் நனைந்து சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அப்பிடி யாரும் இல்லீங்க" என்றாள் அங்கம்மா.

"நான் பொலிசில்லை. சுகாதாரப் பகுதி ஆள். பேரின்பநாயகம் எண்டு பேர். மக்பூல் நானா சொல்லித்தான் வந்தனான்."

மக்பூல் நானா என்றதும் வேலாயி ஒரு அடி முன்னால் வந்தாள். நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். காவக்காரன் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"இருந்தா இப்பவே சொல்லிருங்க. வெளி ஆளு இருக்கான்னு பின்னால தொரைக்குத் தெரிஞ்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஐயா அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீர் கொஞ்சம் பேசாமல் நில்லும்" என்றார். அவன் பேசாமல் நின்றான். ஆனால் அங்கேயே நின்றான்.

"நீங்கள் ஆர், அம்மா?" என்று வேலாயியைக் கேட்டார்.

"தங்கச்சிங்க" என்றாள் நாகலெட்சுமி. "என்னையப் பாக்க வந்துச்சு. பின்னேரம் போயிரும்."

"பேர்?"

"பூவாயிங்க" என்றாள் வேலாயி.

"புருசன்?"

அவள் தன் காலைப் பார்த்தாள். "இல்லீங்க. செத்துப் போயிட்டாருங்க."

ஐயா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருக்கு ஆஸ்பத்திரியிலை ஒரு கட்டில் பிடிச்சு வைச்சிருக்கிறன். அதுக்குப் பிறகு அடுத்த பேருக்குப் போயிடும். பெண்சாதிக்கும் ரோட்டு வேலைப் பகுதியாரின்ரை பழைய கேம்பிலை ஒரு காம்பரா கிடக்கு. ஆரும் அவரைக் கண்டால் சொல்லுங்கோ."

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அவர்கள் வளைவைத் தாண்டி, இன்னும் கொஞ்ச நேரமும் போகட்டும் என்று இருந்துவிட்டுத்தான் கானிலிருந்து ஆளைத் தூக்கினோம். உதடு நீலமாக இருந்தது.

அன்று வேலை விட்டு வந்ததும் நாகலெட்சுமி வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம்.

"நெசமான ஆளா இருந்தா?" என்றாள் வேலாயி.

"கட்டிலும் குடுத்து வீடும் குடுக்குற ஆளுங்க நமக்கு எங்கருந்து வந்தாங்க?" என்றான் கணேசமூர்த்தி. "எலிப்பொறியில கருவாடு வைக்கிற மாதிரிதான். அம்மை குத்துனப்ப எப்பிடிச் சிரிச்சுப் பேசுனாங்க? இவரு சிரிக்கக்கூட இல்ல."

"நானா பேரச் சொன்னாரே."

"பசாருல யாருக்குத் தெரியாது நானா பேரு?"

"ஓடிப்போயிக் கேட்டிருக்கலாம். பாதியிலயாவது புடிச்சிருக்கலாம்."

"காவக்காரன் கூடத்தானடி போனான்" என்றாள் நாகலெட்சுமி. சத்தமாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் இல்லை. "அவன் முன்னால எப்பிடிடீ கேப்ப? என் புள்ளைங்கள எங்கடி கொண்டுபோயி வைப்பேன்? நீ படுத்த மாதிரிக் கடை வாசல்லயா?"

அடுப்புக்கு அந்தப் பக்கம் அழகுமுத்துவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது.

புதன்கிழமை முழுக்கக் காய்ச்சல். வியாழக்கிழமை வேலாயி யாரிடமும் சொல்லாமல் விடியக் காலை எழும்பித் தலவாக்கலைக்கு நடந்தாள். பின்னேரம் வந்தபோது காலெல்லாம் சேறு.

"நெசமான ஆளுதாங்க்கா" என்றாள். "நானா என்னையத் திட்டுனாரு. அந்த மனுசன் ரெண்டு மாசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி அந்தக் கட்டில வாங்கியிருக்காராம். ரோட்டுல கெடக்குறவங்களுக்குன்னு அதுக்கு முன்ன யாரும் கேட்டதே இல்லையாம். இன்னும் ஒரு நாளு இருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்குக் குறுக்குப் பாதை ரோட்டுல சேருற எடத்துக்குக் கார் கொண்டாந்து நிப்பாங்க. ஐயாவும் வருவாரு. நம்ம கொண்டுபோயி எறக்கிவிட்டாப் போதும்."

நாகலெட்சுமி தங்கச்சியின் சேற்றுக் காலைப் பார்த்தாள். பிறகு எழும்பி வந்து என் வாசலில் நின்றாள். "அண்ணே, நாலு பேரு வேணும்."

காலையிலேயே கொண்டு போயிருக்கலாம். எத்தனையோ நாள் அதை நினைத்திருக்கிறேன். ஆனால் பெரட்டுக்கு வராத ஆம்பிளைகளின் காம்பராவுக்குக் காவக்காரன் வந்து எட்டிப் பார்ப்பான். அதனால் எப்போதும் போலப் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, கவ்வாத்தை ஓடி ஓடி வெட்டினோம். பகல் பன்னிரண்டரைக்கு என் நிரை முடிந்தது. அன்றைக்கு நான் வெட்டின செடிகளை அழகுமுத்து பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பான்.

நாங்கள் ஏறி வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையைத் துடைத்துச் சீவிவிட்டிருந்தாள் வேலாயி. காலையில் ரொட்டி கேட்டு, மிளகாய்க் கட்டச் சம்பலோடு ஒரு விள்ளல் தின்றானாம். நாகலெட்சுமி தலைவலி என்று சொல்லிவிட்டுக் கூடையை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே கம்பளியை இரண்டாக மடித்து ஒரு காட்டுக்கம்பில் தூளி மாதிரிக் கட்டினோம்.

"யாராச்சும் கேட்டா?" என்றான் கணேசமூர்த்தி.

"கேட்டாப் பாத்துக்குவோம்" என்றேன்.

குறுக்குப் பாதை என்பது தேயிலைக்கு நடுவே கல் பதித்த படி. மழைக்காலத்தில் பாசி. முன்னால் நானும் கணேசமூர்த்தியும், பின்னால் லயத்து ஆட்கள் இரண்டு பேர். நாகலெட்சுமி முன்னால் நடந்து வழி பார்த்தாள். வேலாயி தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாப்ள, ஒரு கூடைக் கொழுந்துகூட இல்லை நீ" என்றான் கணேசமூர்த்தி. "ஒன்னைய நிறுத்தா கணக்கப்பிள்ளை அதுலயும் தண்ணிக்குன்னு கழிச்சுப்புடுவாரு."

உள்ளேயிருந்து சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "ஆஸ்பத்திரிக் கட்டிலு அகலமா இருக்குமா?" என்று கேட்டான்.

"ஒனக்குத் தாராளமா இருக்கும்."

"அப்ப இவளும் ஒரு ஓரமா..." என்று தொடங்கி இருமினான்.

நிற்காமல் இருமினான். கம்பு எங்கள் தோளில் ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. பத்துப் படி இறங்கினோம். கம்பு கொஞ்சம் கனத்த மாதிரி எனக்குத் தோன்றியது. வேலாயிதான் சொன்னாள்.

"எறக்குங்கண்ணே."

இறக்கினோம். அவள் கம்பளியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். தன் முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நாகலெட்சுமி இரண்டு படி ஏறி வந்து பார்த்துவிட்டு, அப்படியே பாசிக் கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. மேலே மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள், கேட்டுவிடும்.

கணேசமூர்த்தி தலைப்பாகையை அவிழ்த்தான். "லயத்துக்குத் தூக்கிருவோம். குளிப்பாட்டி, தப்படிச்சு, ஆளு மாதிரி எடுப்போம். வர்றது வரட்டும்."

"எந்த லயத்துக்கு?" என்றாள் வேலாயி. "அவரு அங்க இல்லைன்னு சொல்லியாச்சேண்ணே. எல்லாருமாச் சேந்துதான சொன்னோம்."

கணேசமூர்த்தி தலைப்பாகையை மறுபடி கட்டினான்.

"தூக்குங்க. கார் நிக்கும்" என்றாள் வேலாயி.

கார் நின்றது. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் மக்பூல் நானா குடை பிடித்துக்கொண்டு நின்றார். பேரின்பநாயகம் ஐயா எங்களைக் கண்டதும் கதவைத் திறந்துவைத்தார். பக்கத்தில் வந்து எங்கள் முகங்களைப் பார்த்ததும் கதவை மூடினார். குனிந்து கம்பளிக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப?"

"இப்பத்தாங்க. படியில."

"யா அல்லாஹ்" என்றார் நானா. "புள்ள, கட்டில் இன்னம் காலியா ஈக்கி. இப்ப தானே கேட்டுட்டு வந்தேன். கட்டில் ஈக்கிண்டு சொன்னாங்களே."

ஐயா பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. "செவ்வாய்க்கிழமை காவல்காரனை அனுப்பிப்போட்டு இந்த இடத்திலைதான் அரை மணித்தியாலம் நிண்டனான். ஆராவது இறங்கி வருவினம் எண்டு."

அந்த அரை மணி நேரமும் நாங்கள் அவர் போகட்டும் போகட்டும் என்று காத்திருந்தோம். அவன் கானில் கிடந்தான்.

ஐயா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அவர் அதைத் திறந்ததை இப்போதுதான் பார்த்தேன். பக்கத்தின் தலையில் அவன் பேர் எழுதியிருந்தது, கீழே எல்லாம் வெறுமை.

"கவனமாக் கேளுங்கோ, அம்மா" என்று வேலாயியிடம் சொன்னார். "இவர் இருந்த வீடு எதெண்டு நான் எழுதினால், அந்த வீட்டு ஆக்களையும் ஆஸ்பத்திரியிலை கூப்பிட்டு நெஞ்சைப் படம் பிடிச்சுப் பார்ப்பினம். ஒட்டுற வருத்தம் இது. உங்களுக்கும் கேம்பிலை ஒரு வருசத்துக்குக் காம்பரா கேட்டு எடுக்கலாம். வீடு இல்லையெண்டால் ரெண்டும் இல்லை. வீதியிலை செத்தவருக்கு என்னட்டை ஒரு மரணப் பத்திரந்தான் இருக்கு."

"வீட்டை எழுதினா தோட்டத்துக்குத் தெரியுமாங்க?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "தெரியும். துரைக்கும் ஒரு கடிதம் போகும். என்னாலை மறைக்க ஏலாது."

நாகலெட்சுமி அங்கேதான் நின்றாள். தங்கச்சிக்கு மூன்று முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. வேலாயி அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எப்படி ஆகியிருக்குமோ.

"ரோட்டுலதாங்க இருந்தோம்" என்றாள்.

"எனக்குத் தெரியும் எங்க இருந்தனீங்கள் எண்டு."

"ரோட்டுலதாங்க."

ஐயா என்னைப் பார்த்தார். "அண்டைக்கு அந்த லயத்து வாசலிலை நீங்களும் நிண்டனீங்கள்தானே?"

இரண்டு பெண் பிள்ளைகள் அந்நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டின வாசலில் குந்தியிருக்கும். "இல்லீங்க" என்றேன்.

அவர் எழுதினார். எழுதி முடிக்கிறவரைக்கும் எல்லாரும் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார்க்காரன் பிணத்தை ஏற்றமாட்டேன் என்றான். நானா அவனோடு சண்டை போட்டார். "மனுசன்டா அது, மீன் கூடையா? என்ட ஆளுண்டு நெனச்சி ஏத்து" என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டான். பின் சீட்டில் சாக்கை விரித்து, கம்பளியிலிருந்து அவனை எடுத்து ஏற்றினோம். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேலாயி உட்கார்ந்தாள். நாகலெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு, "நானும் வர்றேண்டி" என்றாள்.

"நாளைக்குப் பெரட்டு இருக்குக்கா" என்றாள் வேலாயி. "போ. புள்ளைங்க வந்திருக்கும்."

"நீ எங்கடி போவ?"

வேலாயி அவள் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள். ஐயா முன் கதவைத் திறந்தவர் நின்று, தரையில் கிடந்த கம்பளியைக் கையால் காட்டினார்.

"அதை வீட்டுக்குக் கொண்டு போகாதேங்கோ. இந்த இடத்திலையே எரிச்சுப் போடுங்கோ. அதிலைதான் எல்லாம் கிடக்கும். விளங்குதோ?"

"சரிங்க" என்றாள் நாகலெட்சுமி.

கார் திரும்பித் தலவாக்கலைப் பக்கம் போனது. வளைவில் மறைகிற வரைக்கும் நின்றோம். கணேசமூர்த்தி நெருப்புப்பெட்டியை எடுத்து இரண்டு குச்சி கிழித்தான். ஈரத்தில் பற்றவில்லை. மூன்றாவது குச்சியை அவன் எடுத்தபோது நாகலெட்சுமி குனிந்து கம்பளியைப் பொறுக்கி, ஓடைத் தண்ணீரில் இரண்டு தரம் முக்கி, முறுக்கிப் பிழிந்தாள்.

"எரிக்கச் சொன்னாரும்மா" என்றான் அவன்.

"தெரியும்" என்றாள்.

அவள் முன்னால் ஏற, நாங்கள் நாலு பேரும் பின்னால் ஏறினோம். யாரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாதி வழியில் மழை மறுபடி பிடித்தது. அவள் கம்பளியை உதறி விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.